உப்புக் காற்றும் கரிசல் மண்ணும் கண்ட பழைய கார்

ராமநாதபுரம் மாவட்டத்தில் குண்டாற்றங்கரை ஊரான கமுதி, வட்டத் தலைநகராக இருந்தும் ரயில் நிலையம் இல்லாத ஊர் என்பதால், மதுரை மருத்துவமனைக்கோ, பரமக்குடி வருவாய்க் கோட்ட அலுவலகத்துக்கோ, அருப்புக்கோட்டைக் கடைகளுக்கோ, குலதெய்வக் கோயிலுக்கோ குடும்பத்தோடு போக நேரும் ஒவ்வொரு முறையும் பேருந்து நேரம் பார்த்துக் காத்திருப்பதா, வாடகைக் கார் பிடிப்பதா என்ற கேள்வி எழுகிறது. மிளகாயும் நெல்லும் பருத்தியும் வானம் பார்த்து விளையும் இந்த வட்டாரத்தில், மாதந்தோறும் தவணை கட்டிப் புதிய கார் வாங்கும் துணிவு பலருக்கு வருவதில்லை. ஆகவே பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய சிறிய கார் ஒன்றை, நன்றாக விளைந்த ஓராண்டின் கையிருப்பைக் கொண்டு மொத்தமாகக் கொடுத்து வாங்கிவிடுவதே ஏற்ற வழியாகத் தோன்றுகிறது. அவ்வாறு வாங்கும் வண்டி கொடுத்த பணத்துக்குத் தகுமா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சிறிய கார் எது என்பதற்கு இந்தியாவில் வரி விதிப்பே ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை, நீளம் நான்கு மீட்டருக்கு மிகாமலும், பெட்ரோல் இன்ஜினாயின் 1,200 சி.சி.க்கும் டீசல் இன்ஜினாயின் 1,500 சி.சி.க்கும் மிகாமலும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது; சி.சி. என்பது சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் இடத்தின் மொத்தக் கன அளவு. இந்த அளவுக்குள் அடங்கிப் பழைய கார்ச் சந்தையில் இன்றும் கைமாறுகின்றவை என்று பார்த்தால், 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற 796 சி.சி. மாருதி 800, 2000இல் வந்த ஆல்ட்டோ, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ, 2007இல் வந்த ஐ10, இவற்றோடு வேகன்ஆர், ஸ்விஃப்ட், டாடா இண்டிகா, மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோ ஆகியவற்றைச் சொல்லலாம்.

பழைய காருக்கு விலை சொல்வது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாத காரணத்தால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் நடுத்தரமான விலையையே கொடுக்க முன்வருகிறார். அந்த விலைக்கு நல்ல வண்டியை விற்க அதன் உரிமையாளருக்கு மனம் வராததால் அவர் விற்காமலே வைத்துக்கொள்கிறார். இப்படி நல்லவை விலகிப்போகப் போக, சந்தையில் மிஞ்சுபவை பெரும்பாலும் குறையுள்ளவையாகி விடுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். “சிங்கிள் ஓனர்”, “டாக்டர் ஓட்டுன வண்டி”, “இன்ஜின் சத்தமே கேக்காது” என்று புரோக்கர்கள் அடுக்கும் வாசகங்கள் எல்லாம் இந்தத் தகவல் இடைவெளியைச் சொல்லால் நிரப்பும் முயற்சிகளே.

கமுதி அளவிலான ஊருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. வண்டி யாருடையது, எந்த ஊரில் நின்றது, எந்தப் பட்டறையில் வேலை பார்க்கப்பட்டது, ஏதேனும் மோதலில் சிக்கியதா என்பவை நாலு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். பெருநகரத்து இணையவழிச் சந்தையில் இருநூறு அம்சங்களைச் சோதித்துத் தரும் அறிக்கையைவிட, அந்த வண்டிக்கு ஐந்தாண்டு ஆயில் மாற்றிய மெக்கானிக்கின் ஒரு தயக்கம் அதிகம் சொல்லும். ஆயினும் இந்த அனுகூலம் உள்ளூர் வண்டிக்கு மட்டுமே பொருந்தும். டிஎன் 65 என்று தொடங்கும் எண் ராமநாதபுரம் மாவட்டப் பதிவைக் காட்டுகிறதே தவிர, வண்டி கமுதியின் உள்நிலத்தில் ஓடியதா, மண்டபத்திலோ பாம்பனிலோ கடலைப் பார்த்தபடி பத்தாண்டு நின்றதா என்பதைக் காட்டுவதில்லை. இந்த மாவட்டத்தில் பழைய காரின் மதிப்பைத் தீர்மானிப்பதில் அந்த வேறுபாட்டுக்கு இணையான காரணி வேறில்லை என்றே கொள்ளலாம்.

வாங்க வருபவர் வழக்கமாக முதலில் இன்ஜினை ஓடவிட்டுக் கேட்கிறார், அடுத்துப் பெயின்ட்டைப் பார்க்கிறார், விலை படிந்த பிறகே ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கிறார். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதே நல்லது. இன்ஜினில் எந்தப் பழுதானாலும் அதற்கு ஒரு செலவுத் தொகை உண்டு, செலவிட்டால் தீரும். தகடு துருப்பிடித்துப்போன உடலுக்குப் பெரும்பாலும் தீர்வு கிடையாது. பத்திரங்களில் சிக்கல் உள்ள வண்டியை நிறுத்தி வைக்கலாம், சாலையில் ஓட்ட முடியாது. சரிசெய்ய முடியாததை முதலிலும் சரிசெய்யக் கூடியதைக் கடைசியிலும் பார்த்தால், வேண்டாத வண்டியை அரை மணி நேரத்தில் ஒதுக்கிவிடலாம்.

துருவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். லாரி, ஜீப் போன்றவற்றில் சட்டம் தனி, அதன்மேல் ஏறும் உடல் தனி. சிறிய கார்களிலோ தரைத்தகடும் பக்கச் சுவர்களும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அந்தக் கூடே எடையைத் தாங்கும் சட்டமாகவும் செயல்படுகிறது. மோனோகாக் எனப்படும் இந்த அமைப்பில் துரு என்பது அழகைக் கெடுக்கும் கறையோடு நிற்பதில்லை, வண்டியின் எலும்பையே அது தின்கிறது. கடலோரத்தில் மழை பெய்யாத நாளிலும் இது நடக்கிறது. காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துகள் தகட்டின்மேல் படிந்து, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானே நீரை உறிஞ்சிக் கரைந்து, இரும்பின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமாகி விடுகிறது. கடற்கரை ஊர்களில் இரவும் விடியற்காலையும் இந்த அளவைத் தாண்டுவது அன்றாட நிகழ்வு. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் துருவைத் தடுக்கும் வேலை ஓயாத வேலையாக இருந்து, 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்தே நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலத்தின் தடித்த உருக்கைப் பதம்பார்க்கும் அதே காற்றுதான் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத கார்த் தகட்டின்மேலும் வீசுகிறது.

துரு மேலே தெரியும் இடத்தில் தொடங்குவது அரிது. கதவைத் திறந்து அதன் அடிவிளிம்பைத் தடவினால் சிறு வடிகால் துளைகள் தட்டுப்படும். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற வேண்டிய அந்தத் துளைகள் மண்ணால் அடைபட்டிருந்தால் கதவு உள்ளிருந்தே அரிக்கப்பட்டிருக்கும், பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருப்பது அதற்கு அடையாளம். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் மேட்டையும் அடியிலுள்ள விரிப்பையும் தூக்கித் தரைத்தகட்டை விரல் முட்டியால் தட்டினால், திடமான தகடு கணீரென்றும் அரித்த தகடு மொத்தென்றும் ஒலிக்கும். பானட்டைத் தூக்கினால் இருபுறமும் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தியிருக்கும் மேடையில் விரிசலோ புதிய வெல்டிங்கோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே துரு இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை. கமுதிப் பக்கத்து வண்டிகளில் உப்பின் இடத்தைக் கரிசல் மண் பிடித்துக்கொள்கிறது: மழைக்காலத்தில் சக்கர வளைவுக்குள் அப்பிக்கொள்ளும் கரிசல் சேறு, வெயிலில் மேலே காய்ந்தாலும் உள்ளே நாள்கணக்கில் ஈரத்தைத் தேக்கி வைக்கும். டிங்கரிங் செய்து பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்திருந்தால், மெல்லிய துணியில் சுற்றிய காந்தத் துண்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டி கனமாக உள்ள இடத்தில் காந்தம் ஒட்டாமல் நழுவும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் தனி வகை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் சென்னையிலும், அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் கார்கள் நீரில் நின்றன. காயல்பட்டினத்தில் அப்போது ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை பதிவானது. அண்டை மாவட்டத்து மலிவான வண்டி கைக்கு வரும்போது, சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பார்ப்பது ஓர் எளிய சோதனை. வெளியே தெரியும் பகுதியைத் துவைத்தவர்கள் சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு முழத்தை மறந்துவிடுவதால், சேற்று நீர் எந்த உயரம் வரை நின்றது என்ற கோடு அங்கே அப்படியே இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு, ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூப்பு ஆகியவையும் அதே கதையைச் சொல்பவை.

இன்ஜினுக்கு வந்தால், இந்த மாவட்டத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்றப்பட்டது என்பது. நிலத்தடி நீர் பெருமளவு உவராக இருக்கும் வறண்ட மாவட்டம் இது; குடிநீருக்கே காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பியிருக்கும் ஊர்களில், கூலன்ட் வாங்கும் செலவை மிச்சப்படுத்த எண்ணி போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளுக்குப் பஞ்சமிருக்காது. கூலன்ட் என்பது கொதிநிலையை உயர்த்துவதோடு உலோகம் அரிக்காமல் காக்கும் வேதிப்பொருள்களும் கலந்த நீர்மம். உவர்நீர் அதற்கு நேரெதிராக வேலை செய்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் காறை படிய வைத்து, அலுமினிய சிலிண்டர் ஹெட்டை அரித்து, வெப்பம் ஏறி ஹெட் வளையும்வரை கொண்டுபோய் விடுகிறது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் அப்போது விட்டுப்போய், நீரும் ஆயிலும் கலந்து, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பாலேடு போன்ற படிவு தென்படும். ஆகவே இன்ஜின் நன்றாக ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்து, நீர் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் மேலே தொடரலாம். செம்பழுப்பாக இருந்தால் விலையை நன்றாகவே இறக்கிப் பேச வேண்டும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டை நேரில் பார்ப்பது முக்கியம் என்பதால், விற்பவர் முன்கூட்டியே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த இன்ஜின் நீலப் புகை விட்டால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் எரிகிறது. சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது. கரும்புகை எரிபொருள் மிகையாகச் செல்வதன் குறி. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின்களில், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு இணைத்து வைக்கும் ரப்பர் பட்டை உள்ளவற்றில், அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு பில் கேட்க வேண்டும். பட்டை ஓட்டத்தில் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வால்வை வளைத்துவிடும். சான்ட்ரோவில் இந்தப் பட்டை உண்டு. ஆல்ட்டோ கே10இன் இன்ஜினில் அதற்குப் பதில் சங்கிலி இருக்கிறது. மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பி எதையும் முடிவு செய்வதற்கில்லை, அதைக் குறைத்து வைப்பது கடினமான வேலையே இல்லை. பிரேக் பெடலின் ரப்பர், கியர் குமிழ், ஸ்டியரிங்கின் தோல் ஆகியவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதையும் கம்பெனி சர்வீஸ் பதிவையும் ஒப்பிட்டால் உண்மை ஓரளவு வெளிப்படும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பூ அதிகம் தேயாத டயராக இருந்தாலும் ஆறு ஆண்டு கடந்தால் ரப்பர் இறுகிவிடுகிறது, சீமைக் கருவேல முள் தைத்துத் தைத்து ஒட்டுப்போட்ட டயரானால் சொல்லவே வேண்டாம். நான்கு டயரின் விலையைத் தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது.

டீசல் வண்டியின் மேல் தென்மாவட்டங்களில் உள்ள பற்று இன்னும் குறையவில்லை. ஃபியட்டிடமிருந்து வந்த 1,248 சி.சி. டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட்டில் மட்டுமின்றிப் பல நிறுவன வண்டிகளிலும் ஓடியதால் அதற்குக் கைதேர்ந்த மெக்கானிக்குகள் எங்கும் இருக்கிறார்கள் என்பது மெய்தான். ஆனால் இன்ஜெக்டரும் டர்போவும் ஒருசேரக் கெட்டால் ஆகும் செலவு, மாதம் இரண்டு முறை மதுரைக்குப் போய்வரும் குடும்பத்துக்கு எரிபொருளில் கிடைக்கும் மிச்சத்தை ஆண்டுக்கணக்கில் விழுங்கிவிடும். குறைவாக ஓட்டுபவருக்குப் பழைய டீசல் பொருந்தாது. உதிரிபாகக் கேள்வியும் இதைப் போன்றதே. இந்தியாவில் செவர்லே விற்பனை 2017இல் நின்றது, ஃபோர்டு 2021இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, டாட்சன் பெயர் 2022இல் மறைந்தது. இவற்றின் வண்டிகள் தரத்தில் தாழ்ந்தவை என்று சொல்வதற்கில்லை, ஃபிகோவின் ஓட்டம் பலருக்குப் பிடித்ததே. ஆயினும் சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் ஒரு லோயர் ஆர்முக்காக மதுரை முழுதும் அலைந்து, கடைசியில் சென்னை புதுப்பேட்டையில் உடைத்த வண்டியின் பாகத்தைத் தேடும் நிலை, கமுதியில் வசிப்பவருக்கு நகரத்தாரைவிட அதிகச் சுமை. ஆல்ட்டோவின் பாகம் அருப்புக்கோட்டையிலேயே கிடைத்துவிடும் என்பது அதன் சிறுமையை மன்னிக்கப் போதுமான காரணம்.

பத்திரங்களில் முதன்மையானது பதிவின் ஆயுள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25 கொடுத்து, “பிரேக் இன்ஸ்பெக்டர்” என்று மக்கள் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டித் தகுதி பெற்று, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பதினைந்து ஆண்டானால் எல்லா வண்டியும் உடைப்புக்குப் போக வேண்டும் என்ற பேச்சு, தலைநகர் டெல்லி வட்டாரத்துக்கென 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்து 2018இல் உச்ச நீதிமன்றம் வழிமொழிந்த ஆணையிலிருந்து கிளம்பியது. தமிழ்நாட்டில் தனியார் காருக்கு அத்தகைய வயதுத் தடை இல்லை. ஆனால் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும், 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகவும் உயர்ந்தது. இதோடு மாநிலத்தின் பசுமை வரியும், காலம் தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதலும் சேரும். பதினான்கு ஆண்டு வண்டியை மலிவாகத் தள்ளிவிடுபவரின் அவசரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்கே இருக்கிறது.

டெல்லிப் பதிவுக் கார்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன என்ற ஆசையும் இங்கே வருகிறது. அத்தகைய வண்டிக்கு அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே ஆயுட்கால வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். இந்த மூன்றும் முடிவதற்குள் மிச்சமாகத் தெரிந்த தொகை கரைந்துவிடுவதுண்டு. உள்ளூர் வண்டியானால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, இருந்தால் படிவம் 35இல் கடன் தீர்ந்ததற்கான கையொப்பம் இருக்கிறதா, அபராத சலான்கள் நிலுவையில் உள்ளனவா, வண்டி முன்பு டி-போர்டில் டாக்சியாக ஓடி ஓன் போர்டாக மாற்றப்பட்டதா என்பவற்றை எம்-பரிவாகன் செயலியிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்ளலாம். ராமேசுவரம் போன்ற யாத்திரைத் தலம் உள்ள மாவட்டத்தில் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது.

விலைப்பேச்சில் யாரும் எடுக்காத பொருள் பாதுகாப்பு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு ஆல்ட்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ ஆகியவற்றின் காற்றுப்பை இல்லாத அடிப்படை வகைகளை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தபோது, பெரியவர் பாதுகாப்பில் ஐந்துமே பூச்சிய நட்சத்திரம் பெற்றன. ஃபிகோ, போலோ ஆகியவற்றின் கூடு மட்டும் உருக்குலையாமல் நின்றது. ஓட்டுநருக்கான காற்றுப்பை எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். ஆகவே அதற்கு முந்தைய வண்டியை வாங்குபவர், காற்றுப்பையும், பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள உயர்வகையைத் தேடிச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவாகாது. மதுரை – பரமக்குடி நான்குவழிச் சாலையில் எல்லாரும் நூறில் பறக்கும்போது பழைய மாருதி 800 அந்த வேகத்துக்குப் போட்டி போடுவது ஆபத்து. உள்ளூருக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் அது போதும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பம்புகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்கள் பெரும்பாலும் இந்தக் கலவையை எண்ணி வடிவமைக்கப்பட்டவை அல்ல. பழைய வகை நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டது. இதைவிடக் கவனிக்க வேண்டியது, பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களின் நிலை. வெடித்துக் காய்ந்த குழாய்களை வாங்கிய உடனே மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் தேறிய வண்டிக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதற்கு 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு கணக்கு மாறிவிட்டது. அன்று முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்து, மிகச் சிறிய புதிய மாடல்களின் அடிப்படை வகைகள் நான்கு லட்சத்துக்குள் ஷோரூம் விலைக்கு வந்தன. ஏழெட்டு ஆண்டு ஓடிய ஆல்ட்டோவுக்கு இரண்டே முக்கால், மூன்று லட்சம் கேட்கும் விற்பனையாளர் இந்த மாற்றத்தை மறைத்துப் பழைய விலையையே பேசுகிறார் என்று கொள்ளலாம். வாங்குபவர், கேட்கும் விலையோடு டயர், பேட்டரி, டைமிங் பெல்ட், கிளட்ச், பதிவுப் புதுப்பிப்பு, காப்பீடு ஆகியவற்றில் இரண்டாண்டுக்குள் வரப்போவதைக் கூட்டி, அந்தத் தொகை புதிய வண்டியின் விலையில் பாதியைத் தாண்டுமானால் விட்டுவிடுவது உசிதம். ஒரு லட்சத்துக்குப் பேசிய வண்டிக்கு அறுபதாயிரம் வேலை இருந்தால் அது ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் வண்டியே.

கைமாற்றும் நாளில் படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பம் வாங்கி, வண்டியை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொள்வது வழக்கம். ஆனால் பெயர் மாற்றத்தை “அப்புறம் பாத்துக்கலாம்” என்று ஒத்திப்போடும் பழக்கம் விற்பவருக்கே வினையாக முடியும்: நவீன்குமார் – விஜய்குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வண்டி பல கை மாறிய பின்னும், போக்குவரத்து அலுவலகப் பதிவில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கும், 14 நாளுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றவும் விண்ணப்பிக்க வேண்டும். உரிமை கோராத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் என்னும் தள்ளுபடி வண்டியோடு வராது, விற்றவரோடு போய்விடும்; அதைக் கணக்கில் காட்டி விலையை ஏற்றிச் சொல்பவரிடம் அந்தத் தொகையைக் கழித்தே பேச வேண்டும்.